பெர்வான்ஷின் ஐந்தாவது கன்று

பெர்வான்ஷ் சினையாக இருக்கிறது என்று மாட்டு டாக்டர் கொலின்யோன் சொன்னபோது ஓடீல் சிரித்தாள். ஏழு மாதம் என்று சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது.

டாக்டர் அன்று பெர்வான்ஷுக்காக வரவில்லை. ஒரு கிடாரிக்கு வயிற்றைத் திறந்து கன்று எடுக்க வந்திருந்தார். அந்தத் தொழுவத்தில் அது ஒன்றும் புதுமை இல்லை. வெள்ளை நீல மாட்டை வளர்க்கிறவர்களுக்குக் கன்று பிறப்பது என்றாலே அதுதான். பின்தொடை இரண்டும் மாவு மூட்டையாகப் புடைத்து நிற்கிற இனம். அதன் கன்றும் வயிற்றுக்குள்ளேயே பயில்வானாக வளர்ந்துவிடும். கடவுள் விட்டிருக்கிற வழி அதற்குப் போதாது. ஆகவே இடது விலாவை மழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, மாடு நின்றபடி நிற்க, வயிற்றைத் திறந்து கன்றைத் தூக்கி, தைத்துவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள். ஒரு மணி நேரத்து வேலை. பண்ணைக்காரி ஓடீலுக்கு ஐம்பத்துநான்கு வயது. டாக்டருக்கு எதிரில் நின்று கன்றின் காலைப் பிடித்து இழுத்தது ஐந்நூறு தடவைக்குக் குறையாது. அந்த ஐந்நூறையும் அவள் தோள்பட்டை மறக்கவில்லை.

பெர்வான்ஷ் இதற்குமுன் நான்கு முறை திறக்கப்பட்டிருந்தது. நான்காவது முறை தைத்து முடித்ததும் டாக்டர் கையுறையைக் கழற்றியபடி, கர்ப்பப்பை வயிற்றுச் சுவரோடு ஒட்டிப்போய்விட்டது, இனி இவளைத் திறந்தால் மூட முடியாது என்று சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட மாட்டுக்கு மூன்று மாதம் நல்ல தீனி போட்டுக் கறிக்கு அனுப்புவதுதான் கோந்த்ரோ வட்டாரம் முழுக்க வழக்கம். ஓடீல் அனுப்பவில்லை. பாசம் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவாள். அவளிடம் வேறு கணக்கு இருந்தது. முதல் தடவை கத்திக்கு நிற்கிற கிடாரி மிரளும், உதைக்கும், கயிற்றை அறுக்கும். பெர்வான்ஷைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினால் அடங்கிவிடும். கம்பியோரமாகச் சிலைபோல நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கும் பெர்வான்ஷ். வேலை முடிந்து தரையைக் கழுவியதும் யாரும் சொல்லாமலே பின்வாசல் வழியாகப் புல்வெளிக்குப் போய்விடும். டாக்டர் அதை நர்ஸ் என்றே கூப்பிடுவார்.

அன்றும் நர்ஸ் கிடாரிக்குப் பக்கத்தில்தான் நின்றது. கிடாரியைத் தைத்து முடித்த டாக்டர் சும்மா நர்ஸின் வயிற்றைத் தட்டிக்கொடுத்தார். உள்ளேயிருந்து ஏதோ அவர் கையைத் திருப்பித் தட்டியது.

யார் வேலை என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஃபெலிசியனின் பால்பண்ணை. போன ஜூன் மாதம் அவனுடைய ஜெர்சிக் காளை ஒரு நாள் முழுக்க ஓடீலின் புல்வெளியில் நின்றிருந்தது. பழுப்பு நிறத்தில் கன்றுக்குட்டியைவிடக் கொஞ்சம் பெரிய உருவம். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அந்தப் பொடிப்பயலா?" என்றான் ஓடீலின் தம்பி ஜெர்வே. "ஏணி வெச்சா ஏறினான்?"

அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு நியாயத்தைப் பேசினான். பண்ணையில் பாதி அவனுடையது, பேசுகிற உரிமை உண்டு. வயிற்றைத் திறக்க முடியாது. தானாகப் பெறவும் இந்த இனத்தால் முடியாது. அப்படியானால் இந்த வாரமே லாரியில் ஏற்றிவிட வேண்டியதுதான். இன்னும் ஒரு மாதம் போனால் நிறைமாதச் சினையை ஏற்றக் கூடாது என்று சட்டமே தடுக்கும். அப்புறம் தொழுவத்திலேயே வைத்துக்கொண்டு சாவதைப் பார்க்க வேண்டியிருக்கும். அக்கா அதைப் பார்க்க வேண்டாம் என்றுதான் சொல்கிறான்.

ஓடீல் டாக்டரைக் கேட்டாள். அவர் வாளியில் கையைக் கழுவி, துடைத்து, மறுபடி கழுவினார். அப்பன் ஜெர்சி என்பதால் கன்று சின்னதாக இருக்கும், சதை கட்டியிருக்காது, வழி இடுக்குதான், ஆனாலும் வரலாம் என்றார். வராமலும் போகலாம். இந்த இனத்தில் தானாகப் பெற்ற மாடுகளை அவர் இருபத்தெட்டு வருடத்தில் பார்த்தது ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்.

"ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடறேன், ஓடீல். நான் கத்தி வெச்சா அது கன்னை எடுக்கறதுக்கு மட்டும்தான். நர்ஸை அதுக்கப்புறம் மறந்துடணும்."

"அப்ப கத்தி வேண்டாம். அவளே பெக்கட்டும்" என்றாள் ஓடீல்.

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் உட்கார்ந்தபோதுதான் விஷயம் உறைத்தது. ஒரு மாடு தானாகக் கன்று போடுவதை அவள் பார்த்ததே இல்லை. ஜெர்வேயும் பார்த்ததில்லை. மாட்டுக்காரர்கள் என்று சினே மாட்டுச் சந்தையில் மார்தட்டுகிற எவனைக் கேட்டாலும் தையல் எத்தனை, எந்த நூல் என்று சொல்வானே தவிர, மாடு எப்படி முக்கும் என்று சொல்லத் தெரியாது. அதைத் தெரிந்தவன் கூப்பிடு தூரத்தில் ஒருத்தன்தான் இருந்தான். அவனோடு அவள் முப்பது வருடமாக முறைத்துக்கொண்டிருந்தாள்.

முறைப்புக்குப் பெரிய காரணம் எல்லாம் கிடையாது. சதைமாட்டுக்காரர்களுக்குப் பால்மாட்டுக்காரர்கள் என்றால் இளக்காரம். உன் மாட்டு இடுப்பெலும்பில் கோட்டு மாட்டி வைக்கலாம் என்று ஓடீல் ஒரு கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் ஃபெலிசியனிடம் சொல்லியிருக்கிறாள். உன் மாடு கசாப்புக்கடை, வாலைத் தவிர மிச்சமெல்லாம் எடைபோடுகிற கறி என்று அவனும் சொல்லியிருக்கிறான். அப்புறம் பேச்சு நின்றுபோனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓடீல் அரிசியும் பாலும் வைத்து ஒரு வட்டப் பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றிப் போனாள். வாசலில் நின்ற ஃபெலிசியன் பணியாரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"பால் எங்க வாங்கின?"

"கடையில."

"முப்பது அடியில நான் கறக்கறேன். நீ கார் எடுத்துட்டுப் போய்க் கடையில வாங்கற" என்றான். ஆனாலும் கதவைத் திறந்துவிட்டான்.

தன் காளை செய்த காரியத்தைக் கேட்டு அவன் சிரிக்கவில்லை. அது ஓடீலுக்கு ஆச்சரியம். வேலியை அப்போதே சரி செய்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னான். அவன் தொழுவத்தில் அடுத்த ஐந்து வாரத்தில் ஒன்பது மாடுகள் கன்று போட இருந்தன. ஒன்பதுக்கும் வந்து பார் என்றான்.

முதல் மாட்டிலேயே ஓடீல் மாட்டிக்கொண்டாள். பனிக்குடம் தெரிந்ததும் அவள் கை தானாகச் சட்டைக் கையை மடித்துவிட்டது. கன்றின் கால் தெரிந்ததும் அவள் ஏற்கெனவே வைக்கோலில் மண்டியிட்டிருந்தாள். ஃபெலிசியன் அவளைப் பின்னால் இழுத்தான்.

"என்ன பண்ணப் போற?"

"இழுக்கப் போறேன்."

"யாரு இழுக்கச் சொன்னா?"

யாரும் இழுக்கச் சொல்லவில்லை. கன்று என்றால் இழுக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். இது பிள்ளைத்தாச்சியின் வேலை, உன் வேலை இல்லை, கையைப் பாக்கெட்டில் வை என்றான் ஃபெலிசியன். மாடு படுத்துக்கொள்ளும், எழும், மறுபடி படுக்கும், ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், நீ அந்த ஒரு மணி நேரத்தைத் தாங்கப் பழகு என்றான். ஓடீலுக்கு அது வயிற்றைத் தைப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஐந்தாவது மாட்டில் நகத்தால் பாக்கெட்டுக்குள் ஓட்டை போட்டாள். ஒன்பதாவது மாட்டில் கை சும்மா இருந்தது. போதும், தேறிவிட்டேன் என்று நினைத்தாள்.

மார்ச் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு பெர்வான்ஷுக்கு வலி கண்டது.

ஓடீல் தொழுவத்து மூலையில் முழங்கால் உயரத்துக்கு வைக்கோல் பரப்பியிருந்தாள். பெர்வான்ஷ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கம்பியோரம் போய், எப்போதும் நிற்கிற இடத்தில், இடது விலா வெளியே தெரிய நின்றது. முதல் வலி வந்தது. அசையவில்லை. பனிக்குடம் உடைந்து தண்ணீர் கொட்டியது. அதற்கும் அசையவில்லை. நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. கன்று பிறக்கிற நேரத்தில் அசையாமல் நிற்க வேண்டும் என்றுதானே அதற்குத் தெரியும். அந்தத் தொழுவத்தில் எல்லோரும் சேர்ந்து ஒன்பது வருடமாக அதற்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அதுதான்.

ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டாவது மணி நேரமும் போயிற்று. ஃபெலிசியன் வந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தான். மாடு படுக்காமல் முக்காது, முக்காமல் கன்று வராது என்றான். இருவரும் தாம்புக்கயிறு போட்டு இழுத்துப் பார்த்தார்கள். எண்ணூறு கிலோ அசைய மறுத்தால் இரண்டு பேர் என்ன செய்ய முடியும்? ஓடீல் கெஞ்சினாள், திட்டினாள், கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் ஏதேதோ சொன்னாள். பெர்வான்ஷ் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் உறுதியாக நின்றது.

வெளியே கார்ச் சத்தம் கேட்டது. அக்காவுக்குத் தெரியாமல் ஜெர்வே டாக்டரைக் கூப்பிட்டிருந்தான்.

ஓடீல் அவனைத் திட்ட வாய் திறந்தாள். அப்போதுதான் பெர்வான்ஷைக் கவனித்தாள். காரின் சத்தத்துக்குக் காது நிமிர்ந்தது. டாக்டரின் ரப்பர் பூட்ஸ் சிமெண்டில் ஒலித்ததும் அது அரையடி நகர்ந்து, உடம்பைக் கம்பியோடு ஒட்டி, மழிக்கத் தோதாக விலாவைக் கொடுத்து நின்றது. இத்தனை நேரமும் அது இவருக்காகத்தான் காத்திருந்திருக்கிறது.

டாக்டர் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். முன்னங்கால் இரண்டும், தலையும் சரியாக இருக்கின்றன, கன்று உயிரோடு இருக்கிறது, வழியும் இருக்கிறது, இவள் முக்கவில்லை, அதுதான் சிக்கல் என்றார்.

"முக்க ஊசி போட்டா?" என்றான் ஃபெலிசியன்.

"நிக்கற மாட்டுக்கு ஊசி போட்டா கர்ப்பப்பைதான் கிழியும். ஏற்கெனவே நாலு தையல்."

"எவ்வளவு நேரம் இருக்கு?" என்று கேட்டாள் ஓடீல்.

அரை மணி, கூடப்போனால் முக்கால் மணி. அதற்குமேல் கன்றும் இருக்காது, அப்புறம் மாடும் இருக்காது என்றார் டாக்டர்.

"அக்கா, திறக்கச் சொல்லு" என்றான் ஜெர்வே. "ரெண்டும் போறதுக்கு ஒண்ணாவது மிஞ்சட்டும். நீ உன்னால ஆனதைச் செஞ்சிட்ட. யாரும் உன்னைக் குறை சொல்லப் போறதில்லை."

டாக்டர் பெட்டியைத் திறந்தார். மருந்து வாசனை தொழுவம் முழுக்கப் பரவியது. அந்த வாசனைக்கு பெர்வான்ஷ் ஒரு பெருமூச்சு விட்டது. அப்பாடா, வந்துவிட்டார்கள் என்கிற மாதிரி.

"பெட்டிய மூடுங்க, டாக்டர்" என்றாள் ஓடீல்.

"ஓடீல்…"

"மூடுங்க. கையுறையக் கழட்டுங்க. எப்பவும் தைச்சு முடிச்சதும் என்ன செய்வீங்களோ அதச் செய்யுங்க. ஒண்ணு விடாம." பிறகு தம்பியிடம் திரும்பினாள். "ஜெர்வே, குழாயத் திறந்து தரையக் கழுவு."

"எதுக்கு? ரத்தமே இல்லையே."

"இருக்கற மாதிரி கழுவு. வேலை முடிஞ்சிருச்சுன்னு அவளுக்குத் தெரியணும். முடியாம அவ இந்த இடத்த விட்டு நகர மாட்டா."

மூன்று ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஜெர்வே நினைத்திருக்கலாம். ஆனால் அக்கா அந்த முகத்தோடு நிற்கும்போது அவன் பிறந்ததிலிருந்து எதிர்த்துப் பேசியதில்லை. குழாயை எடுத்தான். டாக்டர் பெட்டியைப் பட்டென்று மூடினார். கையுறையை உரித்து வாளியில் போட்டார். அவருக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். எப்போதும் சொல்கிற மாதிரியே, "ஆச்சு, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று உரக்கச் சொன்னார். ஓடீல் பெர்வான்ஷின் இடது விலாவில் ஈரத்துணியால் துடைத்தாள், இல்லாத காயத்தைத் துடைக்கிற மாதிரி. பின்வாசல் கதவைத் திறந்துவிட்டாள். முதுகில் இரண்டு தட்டு தட்டினாள்.

டாக்டரின் கார் கிளம்பித் தெருமுனைக்குப் போகிறவரை பெர்வான்ஷ் காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தது. தரையில் தண்ணீர் ஓடி அதன் குளம்பை நனைத்தது. பிறகு, வாலுக்குக் கீழே கன்றின் இரண்டு குளம்புகள் எட்டிப்பார்க்க, வேலை முடித்த நர்ஸ் நிதானமாக நடந்து புல்வெளிக்குப் போனது.

ஓடீல் பின்னாலேயே போகப் பார்த்தாள். ஃபெலிசியன் அவள் கையைப் பிடித்தான்.

"நீயும் போகக் கூடாது. உன்னப் பாத்தா அவ மறுபடி நின்னுடுவா."

அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் சொன்னது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. அந்த மாடு இப்போது பெற வேண்டுமென்றால் ஓடீல் அங்கே இல்லாமல் போக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, புல்வெளி ஓரத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சேற்றில் குந்தி உட்கார்ந்தாள். ஃபெலிசியன் பக்கத்தில் உட்கார்ந்தான். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

பெர்வான்ஷ் முள்வேலியோரம் போய் நின்றது. ஒரு வட்டம் சுற்றியது. தரையை முகர்ந்தது. கம்பி இல்லை, மருந்து வாசனை இல்லை, மனிதர் யாரும் இல்லை. முன்கால் மடிந்தது. அப்புறம் அந்த மலைபோன்ற உடம்பு முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அது முக்குகிற சத்தத்தை ஓடீல் முதல் தடவையாகக் கேட்டாள். ஒன்பது வருடமாகத் தெரிந்த மாட்டின் குரலா இது என்று இருந்தது. கன்றின் மூக்கு வந்தது. நெற்றி வந்தது. தோளில் வந்து நின்றது. நின்றது, நின்றது, வரவே இல்லை. ஓடீல் தன்னை அறியாமல் எழுந்துவிட்டாள். ஃபெலிசியன் இந்தத் தடவை அவளைப் பிடிக்கவில்லை. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான், அவ்வளவுதான். ஓடீல் கைகளைப் பாக்கெட்டில் திணித்தாள். மறுபடி சேற்றில் உட்கார்ந்தாள். பெர்வான்ஷ் கழுத்தை நீட்டி இன்னொரு தடவை முக்கியது. பழுப்பாக, நீளமாக, ஆவி பறக்க ஒரு கன்று புல்லில் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது.

ஓடீல் அழுதாள். மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை.

பெர்வான்ஷ் எழுந்து நின்றது. எழுந்ததும் தலையைத் திருப்பித் தன் இடது விலாவைப் பார்த்தது. நான்கு தழும்பு ஓடுகிற இடத்தை முகர்ந்தது. கீழே, கன்றை எப்போதும் போடுகிற பக்கத்தில், வெறும் புல்லில் தேடியது. மறுபடி விலாவை முகர்ந்து மெல்லக் குரல் கொடுத்தது. கன்று அதற்குப் பின்னால் கிடந்தது.

ஓடீல் பத்து எட்டு வைத்தால் போதும், கன்றை இழுத்துத் தாயின் மூக்குக்கு முன்னால் போட்டுவிடலாம். ஐந்நூறு தடவை அப்படித்தானே செய்திருக்கிறாள். அவள் நகரவில்லை. கன்று தும்மியது. தலையை உதறிக் காதைப் பட்டென்று அடித்துக்கொண்டது. பெர்வான்ஷ் விறைத்துப்போய் நின்றது. பிறகு ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, முழு உடம்பையும் திருப்பிக்கொண்டு, குனிந்து பார்த்தது. நெடுநேரம் பார்த்தது. அப்புறம் நக்க ஆரம்பித்தது.

ஜெர்வே தொழுவத்திலிருந்து ஓடிவந்தான். குழாயை மூட மறந்துவிட்டு அப்படியே வந்திருந்தான். நனைந்த கால்சட்டையோடு தொட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். கன்றைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், ஃபெலிசியனைப் பார்த்தான்.

"யாரு எடுத்தா?" என்று கேட்டான்.

ஓடீல் பாக்கெட்டிலிருந்து கைகளை எடுத்தாள். இரண்டும் காய்ந்து சுத்தமாக இருந்தன.

"யாரும் எடுக்கல" என்றாள். "அவ பெத்தா."